மடையிழை, மடையடைப்பு: ‘உறைந்துவிட்டது’ என்பதற்கு மாற்றாக

அன்பின் குழுவினருக்கு,

போன கிழமை நான் போட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியதற்கு நன்றி. இடையில் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஜாவா நிரல்மொழியில், சாளரமும் பொத்தானும் அமைக்க உதவும் ஸ்விங் கொண்டு எழுதிய ஒரு செயலி. ஒரு பொத்தானை அழுத்துகிறோம். பொத்தான் அமுங்கினபடியே நிற்கிறது. வேறெதை அழுத்தினாலும் அசைவில்லை. சாளரத்தை மூலையில் பிடித்துப் பெரிதாக்கினால், புதிதாக விரிந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் இதை ‘ஃப்ரீஸ்’ என்கிறார்கள். தமிழில் என்ன சொல்வது?

வந்த பதில்களில் நான்கு:

> உறைதல். ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மாற்றினால் குழப்பம்.

> முடக்கம். கைபேசிக்கும் கணினிக்கும் பொதுவாக வரும்.

> முகத்துவாரம் அடைபடுதல். நம்மூர்க்காரருக்கு உடனே விளங்கும்.

> ஃப்ரீஸை விடுங்கள். முதலில் ‘நிகழ்வு அனுப்பும் இழை’ என்பதற்கு வாயில் நுழைகிற பெயராக வையுங்கள். மற்றது தானாக வரும்.

கடைசியாக எழுதியவர் வந்தாறுமூலையில் படிக்கும் தங்கச்சி. (இழை என்றால் ஆங்கிலத்தில் ‘த்ரெட்’, ஒரு செயலிக்குள் வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்துகொண்டு போகும் ஓட்டம். அவர் சொல்வது ‘ஈவென்ட் டிஸ்பாட்ச் த்ரெட்’.) நானும் அவர் பக்கந்தான். ஆனால் ‘உறைதல்’ வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது, அதை முதலில் சொல்ல வேண்டும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு நெல் களஞ்சியத்துக்குக் கணக்குச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். கமக்காரர் கொண்டுவரும் மூட்டை, நிறை, ஈரப்பதம், கொடுத்த காசு, எல்லாம் ஒரே கோப்பில் வரிவரியாக ஏறும். பொழுதுபட ‘கணக்கை முடி’ என்ற பொத்தானை அழுத்தினால் செயலி கோப்பு முழுவதையும் வாசித்து, கூட்டி, திரும்ப எழுதும். பெரும்போக அறுவடை தொடங்கின நாட்களில் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. போகம் முடியும் தறுவாயில் நிமிடக்கணக்கில் நின்றது. கோப்பு இன்னொரு கணினியில், வலையமைப்பில் பகிர்ந்த கோப்புறையில் இருந்தது. நானோ இடைத்தாங்கல் (மொத்தமாக வாசித்து வைத்துக்கொள்ளும் இடம்) இல்லாமல் ஒவ்வொரு பைட்டாக வாசித்திருந்தேன். பிழை என்னுடையது.

அதைவிடப் பெரிய பிழை, அச்சடித்துக் கொடுத்த வழிகாட்டித் தாளில் நான் எழுதிய ஒரு வசனம்: ‘செயலி உறைந்துவிட்டால், மூடிவிட்டு மீண்டும் திறக்கவும்.’ கணக்குப் பார்க்கும் பிள்ளை அதையே செய்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து செயலியை முடித்துவிட்டது. அந்த நேரம் செயலி எழுதிக்கொண்டிருந்தது. ஃபைல்ரைட்டர் ஒரு கோப்பை எழுதத் திறந்த கையோடு பழைய உள்ளடக்கத்தை அழித்துவிடும் என்பது ஜாவாக்காரருக்குத் தெரியும். நான் போய்ப் பார்த்தபோது கோப்பில் கால்வாசிதான் இருந்தது. கடைசி வரியில் ஒரு கமக்காரரின் பெயர் முதல் மூன்றெழுத்தோடு நின்றிருந்தது. இரண்டு நாள் பற்றுச்சீட்டுக் கட்டுகளைப் பிரித்து வைத்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தோம்.

ஏன் மூடினாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். “உறைஞ்சா இனி ஓடாதுதானே சேர்” என்றது. அது சரியாகத்தான் விளங்கிக்கொண்டது, என் சொல்தான் பிழையாக இருந்தது. இரத்தம் உறைந்தால் ஓடாது. உறைந்தது என்றால் வேலை நடக்கவில்லை என்று பொருள். ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ‘முடக்கம்’ என்றாலும் இதே சிக்கல்தான்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? ஸ்விங் 1998இல் ஜாவா 1.2உடன் வந்தபோதிருந்தே அதன் கூறுகளை ஒரே ஒரு இழைதான் கையாள வேண்டும் என்பது விதி. சுட்டியின் சொடுக்கு, விசையின் தட்டு, சாளரத்தைத் திரும்ப வரைய வேண்டும் என்ற அறிவிப்பு, எல்லாம் ஒரு வரிசையில் வந்து சேரும். அந்த இழை ஒவ்வொன்றாக எடுத்து உரிய நிரலிடம் கொடுக்கும். கொடுத்த நிரல் திரும்பி வந்தால்தான் அடுத்ததை எடுக்கும். நாம் பொத்தானின் நிரலுக்குள்ளேயே பெரிய கோப்பை வாசித்தால், அது முடியும்வரை மற்றவை பின்னால் தேங்கி நிற்கும். திரும்ப வரையச் சொன்ன அறிவிப்பும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. அதனால்தான் சாளரம் வெறுமையாகிறது.

இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள். விண்டோஸில் மற்றச் செயலிகள் இப்படி நின்றால் ஐந்து விநாடியில் தலைப்புப் பட்டையில் ‘பதிலளிக்கவில்லை’ என்று வந்துவிடும். ஸ்விங் செயலியில் பெரும்பாலும் அப்படி வராது. விண்டோஸ் அனுப்பும் செய்திகளை வாங்குவது வேறொரு இழை, அது சும்மாதான் இருக்கும். ஆகவே விண்டோஸின் கணக்கில் செயலி நலமாக இருக்கிறது. தேக்கம் ஒரே ஒரு இடத்தில்தான். நமது சொல் அந்த இடத்தைச் சுட்ட வேண்டும்.

அந்த இடத்தைக் கண்ணால் பார்க்கவும் முடியும். செயலி நிற்கும்போது கட்டளைச் சாளரத்தில் ‘ஜேபிஎஸ்’ என்று அடித்தால் ஓடுகிற ஜாவா செயலிகளின் எண்கள் வரும். நம்முடைய எண்ணைச் சேர்த்து ‘ஜேஸ்டாக்’ அடித்தால் ஒவ்வொரு இழையும் எங்கே நிற்கிறது என்று கொட்டும். அதில் ‘ஏடபிள்யூடி-ஈவென்ட்க்யூ-0’ என்ற பெயரைத் தேடுங்கள். களஞ்சியத்துக் கணினியில் நான் பார்த்தபோது அந்தப் பெயருக்குக் கீழே முதல் வரி கோப்பை வாசிக்கும் ‘ரீட்’. அதிலிருந்து நாலைந்து வரி கீழே இறங்கினால் நான் எழுதிய பொத்தான் நிரலின் பெயர், வரி எண்ணோடு. சில விநாடி இடைவெளி விட்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். வரிகள் மாறிக்கொண்டே இருந்தால் வேலை நடக்கிறது, மெதுவாக நடக்கிறது. மாறாமல் அப்படியே நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். வரிசையில் வந்து நிற்பதை ஒரே வாயால் முறைப்படி உரிய இடத்துக்கு விடுவதற்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மடை. முகத்துவாரம் என்று சொன்ன அண்ணனின் எண்ணமும் அருகில்தான் வந்தது. வாவியின் வாய் மண்ணேறி அடைபட்டால் படுவான்கரை வயலுக்குள் வெள்ளம் ஏறுவதும், வெட்டிவிட்டால் வடிவதும் நாம் பார்த்து வளர்ந்தவை. ஆனால் முகத்துவாரம் நீரைக் கடலுக்கு விடுகிறது, பங்கிடுவதில்லை. மடை பங்கிடும்.

ஆகவே என் முன்மொழிவு: நிகழ்வுகளைப் பங்கிடும் அந்த இழை ‘மடையிழை’. அது ஒரு வேலையில் மாட்டி மற்றவை தேங்கும் நிலை ‘மடையடைப்பு’. பாரமான வேலையைச் செய்யத் தனியாக விடும் இழை ‘பின்னிழை’. 2006இல் ஜாவா 6உடன் சேர்ந்த ஸ்விங்வொர்க்கர் இதற்காகவே இருக்கிறது. கோப்பைப் பின்னிழையில் வாசித்து, முடிவை மட்டும் மடையிழைக்குக் கொண்டுவந்து காட்டும். ‘மடையிழையில் கோப்பை வாசிக்காதே’ என்று புதிதாகப் படிக்கிற பிள்ளைக்குச் சொன்னால், ஏன் என்பதும் சொல்லிலேயே இருக்கிறது.

‘நிகழ்வு அனுப்பும் இழை’ துல்லியமானது என்று சென்னையிலிருந்து ஐயா ஒருவர் எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு சொல் வைத்தால் அப்படித்தான் வரும். ஆனால் அந்த இழை எதையும் எங்கேயும் அனுப்புவதில்லை ஐயா. வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டு, வேலை முடியும்வரை அங்கேயே நிற்கிறது. அது நின்றுவிடுவதுதான் நம் சிக்கலே. ‘அனுப்பும்’ என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர்தான் 1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அவர் விஞ்ஞானம் படித்தவர், படிப்பித்தவர். பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர் கையில் சொல்லாக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது அவரைத்தான்.

அடுத்தது, காத்தான்குடி நானா கேட்டது. விலைப்பட்டியலை எக்செல்லில் திறந்து வைத்திருக்கும்போது அவருடைய செயலி சேமிக்க மறுத்து, ‘கோப்பு பூட்டப்பட்டுள்ளது’ என்று சொல்லியிருக்கிறது. கடையில் நின்ற தம்பி கடவுச்சொல்லைத் தேடி அரைநாளைப் போக்கியிருக்கிறார். பூட்டு என்றால் சாவியைத்தானே தேடுவோம்? இங்கே பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. இன்னொரு செயலி அந்தக் கோப்பைக் கையில் பிடித்திருக்கிறது. ‘பிடி’ என்று சொல்வோம். ‘இந்தக் கோப்பு வேறொரு செயலியின் பிடியில் இருக்கிறது. அதில் மூடிவிட்டு மறுபடி சேமியுங்கள்.’ நம் நிரலே திறந்த கோப்பை மூட மறந்திருந்தாலும் இதே சொல் பொருந்தும்: பிடி விடவில்லை. ஜாவா 7இல் வந்த ‘ட்ரை-வித்-ரிசோர்சஸ்’ வேலை முடிந்ததும் தானாகப் பிடியை விட்டுவிடும். நிரலாளர் தாமே கேட்டுப் போடுகிற பூட்டுக்கு மட்டும் ‘பூட்டு’ இருக்கட்டும்.

நானா, உங்கள் நிரலில் கோப்பின் பெயரை மாற்றும் பழைய ‘ரீநேம்டு’ இருக்கிறது. அது முடியாவிட்டால் ‘இல்லை’ என்று மட்டும் திருப்பித் தரும், காரணம் சொல்லாது. அந்தப் பதிலை உங்கள் நிரல் பார்க்கவுமில்லை. ஜாவா 7இலிருந்து உள்ள ‘ஃபைல்ஸ்.மூவ்’ முடியாவிட்டால் காரணத்தோடு விதிவிலக்கை (பிழை அறிவிப்பை) எறியும். அதற்கு மாறுங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறுவது பற்றிக் கேட்ட தம்பிக்கு: எழுதும்போதும் வாசிக்கும்போதும் எழுத்துக் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நீங்களே குறிப்பிடுங்கள். 2022இல் வந்த ஜாவா 18இலிருந்துதான் அது எல்லா இயங்குதளத்திலும் இயல்பிருப்பு, அதாவது நாம் சொல்லாவிட்டாலும் தானாக வருவது.

கோப்பா கோவையா என்ற பழைய வாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. கந்தோரில் அலுமாரிக்குள் இருப்பது கோவை, கணினிக்குள் இருப்பது கோப்பு. நம்மிடம் இரண்டு சொல் இருப்பது நல்லதுதான்.

கல்லடியிலிருந்து.

———

மறு: மடையிழை, மடையடைப்பு

அண்ணன், மடையிழை நல்லாயிருக்கிறது. இரண்டு சந்தேகம். எங்கள் பக்கம் மடை என்றால் முதலில் வருவது அம்மன் கோயில் மடைதான். மடைப்பெட்டி, மடை வைத்தல் என்று. வயலில் ஒரு வரம்பை வெட்டி அடுத்த வயலுக்குத் தண்ணீர் விடும் வாய்க்கு நாங்கள் சொல்வது வக்கடை. ‘வக்கடையிழை’ என்றால் என்ன? இரண்டாவது, இரண்டு இழைகள் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு கடைசிவரை நின்றால் அதுவும் மடையடைப்புத்தானா?

அக்கரைப்பற்றிலிருந்து.

———

மறு: மறு: மடையிழை, மடையடைப்பு

தம்பி, வக்கடையை நானும் யோசித்தேன். வட்டையில் வேலை செய்த எவருக்கும் அந்தச் சொல்லில் ஒரு ஒட்டுதல் இருக்கும். என் அப்பா மண்வெட்டியால் ஒரு கொத்துப் புல்லோடு மண்ணைத் தூக்கி வக்கடையில் வைத்து மிதிப்பதும், மேல் வயலில் தண்ணீர் வரம்பு தொடும்வரை ஏறுவதும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. மடையடைப்புக்கு அதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை. ஆனாலும் சொல் மதுரைக்கும் கோலாலம்பூருக்கும் போக வேண்டும். ‘மடை திறந்த வெள்ளம்’ என்று எல்லாரும் சொல்கிறார்கள், அதனால் மடை எங்கும் விளங்கும். கோயில் மடையோடு ‘இழை’ சேராது, குழப்பம் வராது. விளக்கம் எழுதும்போது வக்கடையை உதாரணமாகக் காட்டுவோம்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. அந்த இழைகளில் ஒன்று மடையிழையானால் மடை அடைபடும், ஆனால் காரணம் வேறு. ஒன்று பிடித்திருப்பதை மற்றது கேட்கிறது, மற்றது பிடித்திருப்பதை இது கேட்கிறது. அதற்கு ‘இழுபறி’ என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஜேஸ்டாக்கே இழுபறியைக் கண்டால் கடைசியில் தனியாக எழுதிக் காட்டும். இழுபறியில் காத்திருந்து பயனில்லை, செயலியை முடிக்கத்தான் வேண்டும். மற்ற மடையடைப்பு பெரும்பாலும் வேலை முடிந்ததும் தானாகத் திறக்கும்.

களஞ்சியத்துச் செயலியில் இப்போது வேலை பின்னிழைக்குப் போய்விட்டது. முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி, முழுவதும் எழுதி முடிந்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறது. பாதியில் நிறுத்தினாலும் பழைய கணக்கு அப்படியே இருக்கும். வழிகாட்டித் தாளில் அந்த வசனத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘பொத்தான்கள் அசையாவிட்டால் மடை அடைபட்டிருக்கிறது. உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கலாம். பத்து நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் திறக்காவிட்டால் செயலியை மூடாமல் எனக்கு அழையுங்கள்.’

நாளைக் காலை பஸ்ஸில் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பழையதைக் கழற்றிவிட்டு, கணினிக்கு மேலே சுவரில் ஒட்ட வேண்டும். அதற்குள் யாருக்காவது வசனத்தில் திருத்தம் தோன்றினால் இன்றிரவே எழுதுங்கள்.