கிட் மெர்ஜ்: இந்தப் பிராஞ்சில் ஃபைல், அந்தப் பிராஞ்சில் அதே பெயரில் ஃபோல்டர். கான்ஃப்ளிக்ட் வரவேண்டிய இடத்தில் வரவில்லை, உதவி தேவை

சொல்பொறுக்கி (கேள்வி)

வணக்கம். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு வட்டாரச் சொல் தொகுப்பை கிட்டில் (ஃபைல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறோம். இதுவரை எல்லாம் 'சொற்கள்' என்ற ஒரே ஃபைலில் இருந்தது. அது பெருத்துவிட்டதால், அதை நீக்கிவிட்டு 'சொற்கள்' என்றே ஒரு ஃபோல்டர் போட்டு, உள்ளே எழுத்துவாரியாக அ, ஆ, க, ம என்று பிரிக்கப்போகிறோம். பெயரை மாற்ற வழியில்லை, வேறு இரண்டு நிரல்கள் அந்தப் பெயரை நம்பியிருக்கின்றன.

சிக்கல் என்னவென்றால், மற்றவர்கள் பழைய ஃபைலில் இன்னும் சொற்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். தினமும் இரவு ஒரு ஸ்கிரிப்ட் எல்லாருடைய பிராஞ்சையும் (தனித்தனிக் கிளை) மெர்ஜ் செய்கிறது, அதாவது ஒன்றாக இணைக்கிறது. அதனால் பிரிப்பதற்கு முன் தனி ரெப்போவில் (கிட் களஞ்சியம்) மூன்று சோதனைகள் எழுதிப் பார்த்தேன். மூன்றும் நான் நினைத்தபடி நடக்கவில்லை.

சோதனை 1: 'பிரிப்பு' பிராஞ்சில் ஃபைலை நீக்கி ஃபோல்டர் போட்டேன். மெயினில் (முதன்மைப் பிராஞ்ச்) எதையும் தொடவில்லை. கான்ஃப்ளிக்ட் (கிட் தானாக இணைக்கமுடியாத மோதல்) வரும் என்று எதிர்பார்த்தேன், சத்தமில்லாமல் மெர்ஜ் ஆகிவிட்டது.

சோதனை 2: அதே கதை, ஆனால் மெயினில் பழைய ஃபைலில் ஒரு வரி சேர்த்தேன் ('மச்சு: மாடி அறை'). ஸ்கிரிப்ட் 'சரி' என்று சொல்லி கமிட்டும் (மாற்றத்தின் பதிவு) போட்டுவிட்டது. என் மடிக்கணினியில் அந்தக் கமிட்டில் 'சொற்கள்~ஹெட்' என்று யாரும் உருவாக்காத ஒரு ஃபைல் இருக்கிறது. சர்வரில் அந்த ஃபைலும் இல்லை, நான் சேர்த்த வரியும் இல்லை!

சோதனை 3: ஆரம்பத்தில் 'சொற்கள்' எதுவுமே இல்லை. ஒரு பிராஞ்சில் ஃபைல் புதிதாக வருகிறது (நண்பர் அனுப்பிய ஜிப்பில் இருந்ததை அப்படியே போட்டேன்), இன்னொன்றில் ஃபோல்டர். மெர்ஜ் ஆனபின் ஒரே இடத்தில் 'சொற்கள்' ஃபைலும் 'சொற்கள்' ஃபோல்டரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. லினக்ஸில் இது எப்படிச் சாத்தியம்?

மடிக்கணினியில் உபுண்டு 24.04, கிட் 2.43. சர்வரில் உபுண்டு 20.04, கிட் 2.25. ஸ்கிரிப்ட் செய்வது: மெர்ஜ் செய்து வெளியீட்டை 'டீ' (திரையிலும் ஃபைலிலும் ஒருசேர எழுதும் கட்டளை) வழியாக லாக்கில் எழுதும். பிறகு ஃபைல்களில் ஏழு '<' குறிகள் இருக்கின்றனவா என்று தேடும். இல்லையென்றால் கிட் கிளீன் (டிராக் செய்யப்படாத, அதாவது கிட்டின் கணக்கில் இல்லாத ஃபைல்களை நீக்கும்), கிட் ஆட் (அடுத்த கமிட்டுக்குச் சேர்க்கும்), கமிட்.

---

மரக்கிளை

முதல் சோதனை சரியாகத்தான் நடந்திருக்கிறது. கிட் மெர்ஜ் செய்யும்போது மூன்றைப் பார்க்கும்: இரண்டு பிராஞ்சும், அவை பிரிந்த பொது மூலமும். மூலத்தில் ஃபைல் இருந்தது, மெயின் அதைத் தொடவில்லை, பிரிப்பு அதை நீக்கிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் மாறினால் அந்த மாற்றம்தான் ஜெயிக்கும். ஃபைல் போனதும் அந்தப் பெயர் காலியாகிறது, ஃபோல்டர் வந்து உட்காருகிறது. இதில் சண்டை போட யாருமில்லை. சோதனையில் 'சுத்தமாக மெர்ஜ் ஆகவேண்டும்' என்று எதிர்பார்ப்பை மாற்றிவிடுங்கள், நீக்கவேண்டாம்.

இன்னொன்று. சோதனைக்கு மூன்று வரி ஃபைல் வைத்துக்கொண்டு, மூன்றையும் 'சொற்கள்/அ' உள்ளே போட்டுப் பார்த்தால் அதுவும் ஏமாற்றும். உள்ளடக்கம் பாதிக்கு மேல் ஒத்துப்போனால் கிட் அதைப் பெயர் மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். அப்போது மெயினில் சேர்த்த வரி தானாகவே 'சொற்கள்/அ'வுக்குள் போய்விடும், கான்ஃப்ளிக்ட் வராது. நிஜத் தரவில் பத்திருபது ஃபைலாகப் பிரியும்போது எதுவும் அந்த 50 சதவீதத்தைத் தொடாது. அதனால் சோதனைத் தரவையும் நிஜம் போலவே சிதறடித்து வையுங்கள்.

---

ராத்திரி_ஷிஃப்ட்

முதலில் எக்ஸ்டென்ஷன் இல்லாமல் ஃபைலுக்குப் பெயர் வைத்ததுதான் தப்பு. 'சொற்கள்.டிஎக்ஸ்டி' என்று இருந்திருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

---

சொல்பொறுக்கி

உண்மைதான் அண்ணா, 5 வருடத்துக்கு முன் வைத்த பெயர். இப்போது அழுது பயனில்லை. சோதனை 2 பற்றி யாராவது சொல்லுங்கள், அந்த வரி எங்கே போனது?

---

பழைய_சர்வர்

சோதனை 2 எனக்கும் பழக்கமான வலி. உங்கள் ஸ்கிரிப்டில் மூன்று ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வரிசையாக விழுந்திருக்கின்றன.

கான்ஃப்ளிக்ட் வந்ததும் கிட் மெர்ஜ் 1 என்ற எக்ஸிட் கோடோடுதான் (0 என்றால் வெற்றி, மற்றது தோல்வி) முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் அதை 'டீ'க்குள் பைப் செய்ததால், ஷெல் உங்களிடம் கொடுத்தது 'டீ'யின் 0. பாஷில் 'பைப்ஃபெயில்' (பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் அமைப்பு) போடாத எல்லாருக்கும் ஒருநாள் இது நடக்கும்.

அடுத்தது, '<' குறிகளைத் தேடுவது. அந்தக் குறிகள் ஒரே ஃபைலின் உள்ளே வரிகள் மோதினால்தான் வரும். இங்கே மோதுவது வரிகள் இல்லை, பெயர். ஃபைலும் ஃபோல்டரும் ஒரே பெயரில் டிஸ்கில் இருக்கமுடியாது என்பதால், கிட் ஃபோல்டரை அதன் இடத்தில் விட்டுவிட்டு, ஃபைலை 'சொற்கள்~ஹெட்' என்று நகர்த்தி வைக்கும் ('ஹெட்' என்றால் நாம் நிற்கும் பிராஞ்ச்). உள்ளே மெயினின் பதிப்பு முழுசாக, ஒரு குறியும் இல்லாமல் இருக்கும். லாக்கைத் திறந்து பாருங்கள், 2.43இல் இரண்டு கான்ஃப்ளிக்ட் வரிகள் இருக்கும்: ஒன்று ஃபைல்/டைரக்டரி, இன்னொன்று மாடிஃபை/டிலீட்.

மூன்றாவதுதான் உங்கள் வரியைத் தின்றது. கிட் 2.34இல், அதாவது 2021 நவம்பரில், மெர்ஜ் செய்யும் எஞ்சினே மாறியது. பழையது 'ரிகர்சிவ்', புதியது 'ஓஆர்டி'. பழைய எஞ்சினில் இண்டெக்ஸில் (அடுத்த கமிட்டுக்காக கிட் வைத்திருக்கும் பட்டியல்) கான்ஃப்ளிக்ட் பதிவு 'சொற்கள்' என்ற பெயரிலேயே இருக்கும், டிஸ்கில் மட்டும் 'சொற்கள்~ஹெட்'. அதாவது கிட்டின் பார்வையில் அது டிராக் செய்யப்படாத ஏதோ ஒரு ஃபைல். உங்கள் 2.25 சர்வரில் கிட் கிளீன் வந்து அதைக் குப்பை என்று துடைத்துவிட்டது. பிறகு கிட் ஆட், 'சரி, கான்ஃப்ளிக்ட் தீர்ந்தது' என்று எடுத்துக்கொண்டது. புதிய எஞ்சின் இண்டெக்ஸிலும் 'சொற்கள்~ஹெட்' என்றே எழுதும், அதனால் மடிக்கணினியில் கிளீனுக்குத் தப்பித்து நேராகக் கமிட்டுக்குள் போய்விட்டது.

வரி தொலையவில்லை, பயப்படாதீர்கள். மெர்ஜ் கமிட்டின் முதல் பெற்றோரில் (மெர்ஜுக்கு முந்தைய மெயின் கமிட்) பத்திரமாக இருக்கும்.

இதை நேரில் பார்க்க, இரண்டு இயந்திரத்திலும் மெர்ஜ் செய்தவுடன் நிறுத்தி 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -யூ' அடியுங்கள். இரண்டு வரி வரும், ஒன்றில் 1, ஒன்றில் 2. 1 என்பது பொது மூலம், 2 நம் பக்கம், 3 அவர்கள் பக்கம். இங்கே 3 இருக்காது, ஏனென்றால் அவர்கள் ஃபைலை நீக்கிவிட்டார்கள். எண்கள் இரண்டு இயந்திரத்திலும் ஒன்றே, பெயர் மட்டும் வேறு.

---

மரக்கிளை

நல்ல விளக்கம். இதைச் சோதிப்பதற்கு கிட்டின் சொந்தச் சோதனைத் தொகுப்பையே பார்க்கலாம். 'டி6400-மெர்ஜ்-டிஎஃப்' என்ற ஸ்கிரிப்ட் முழுக்க இந்த ஃபைல்/ஃபோல்டர் மோதலுக்காகவே இருக்கிறது. உங்கள் சோதனை 2 கிட்டத்தட்ட அப்படியே அதில் உண்டு: 'லெட்டர்ஸ்' என்ற ஃபைலை ஒருவர் திருத்துகிறார், இன்னொருவர் நீக்கிவிட்டு 'லெட்டர்ஸ்/ஃபைல்' போடுகிறார். உங்கள் 2.43 காலத்துப் பதிப்பில், டிராக் செய்யப்படாத ஃபைல் எத்தனை என்று எண்ணும் இடத்தில் ஓஆர்டி என்றால் 0, இல்லையென்றால் 1 என்று பிரித்தே எழுதியிருப்பார்கள்.

அதில் எனக்குப் பிடித்த குசும்பு ஒன்று உண்டு. வேண்டுமென்றே பக்கத்தில் 'லெட்டர்ஸ்.டிஎக்ஸ்டி' என்று ஒரு ஃபைலும் வைத்திருக்கிறார்கள். கிட் பெயர்களை பைட் வரிசையில் அடுக்கும். புள்ளியின் எண் 46, சாய்கோட்டின் எண் 47. ஆக 'லெட்டர்ஸ்'க்கும் 'லெட்டர்ஸ்/ஃபைல்'க்கும் நடுவில் இந்த மூன்றாம் ஆள் நுழைந்துவிடுகிறார். ஃபைலுக்கு அடுத்த பதிவே அதன் பெயருள்ள ஃபோல்டர் என்று நம்பி எழுதிய நிரல் அங்கே தடுக்கி விழும். உங்கள் ரெப்போவிலும் 'சொற்கள்.பழையது' என்று ஒன்றை வைத்துச் சோதியுங்கள், சும்மா.

மறுதிசையிலும் ஓட்டிப் பாருங்கள். பிரிப்பில் நின்றுகொண்டு மெயினை மெர்ஜ் செய்தால் ஒதுக்கப்படும் ஃபைல் 'சொற்கள்~மெயின்' ஆகும். பிராஞ்ச் பெயரில் சாய்கோடு இருந்தால் அது அடிக்கோடாக மாறும். ரீபேஸ் (கமிட்டுகளை வேறொரு கமிட்டின்மேல் திரும்ப அடுக்குவது) என்றால் கமிட்டின் சுருக்க எண்ணும் தலைப்பு வரியும் அப்படியே ஃபைல் பெயரில் ஒட்டிக்கொள்ளும், இடைவெளிகளோடு. மேற்கோள் குறி போடாத ஷெல் ஸ்கிரிப்ட் அதில் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன் (என்னுடையதுதான்).

---

கொம்புசுழி

சோதனை 3க்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி: அந்த மெர்ஜுக்குப் பிறகு 'கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்' என்ன காட்டுகிறது? கோர்.கோட்பாத் அமைப்பைத் (தமிழ்ப் பெயர்களை எண்களாகக் காட்டுவது) தொடாமல் அப்படியே ஒட்டுங்கள்.

---

சொல்பொறுக்கி

ஒரே எண் மழையாக வருகிறது, முதல் சில பைட்டுகள் மட்டும் (ஃபோல்டரை முன்னால் போட்டிருக்கிறேன்):

"\340\256\232\340\257\212\340\256\261...
"\340\256\232\340\257\206\340\256\276\340\256\261...

முதலாவது ஃபோல்டர், இரண்டாவது ஃபைல்.

---

கொம்புசுழி

கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே பெயர் இல்லை. \340\256\232 என்பது 'ச', அது இரண்டிலும் உண்டு. முதலாவதில் அடுத்து வரும் \340\257\212 ஒரே குறி, 'ொ'. இரண்டாவதில் அதே இடத்தில் இரண்டு குறிகள்: \340\257\206 ஒற்றைக்கொம்பு, \340\256\276 துணைக்கால். கண்ணுக்கு இரண்டும் 'சொ'தான், யுனிகோடின் விதிப்படியும் இரண்டும் சமம்தான். ஆனால் லினக்ஸும் கிட்டும் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். வெவ்வேறு பைட் என்றால் வெவ்வேறு பெயர், அவ்வளவுதான். மோதுவதற்கே வாய்ப்பில்லை.

ஜிப் அனுப்பியவர் மேக் வைத்திருக்கிறாரா? அங்கிருந்து வரும் ஜிப்களில் கொம்பையும் காலையும் பிரித்துப்போட்ட பெயர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒ, ஓ, ஔ ஏறிய உயிர்மெய் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. மேக்கில் உள்ள கிட் தன் பங்குக்குப் பெயரைச் சேர்த்து எழுதிவிடும், ஆனால் நீங்கள் லினக்ஸில் ஜிப்பைப் பிரித்தீர்கள், அங்கே யாரும் திருத்தமாட்டார்கள்.

கோட்பாத்தை அணைத்தால் தமிழ்ப் பெயர் அழகாகத் தெரியும் என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். இந்த மாதிரி நாளில் மட்டும் திரும்பப் போட்டுப் பார்ப்பது.

ஃபைல் பெயரைத் தட்டச்சு செய்து மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிரீ-கமிட் ஹூக்கில் (கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) பைத்தானின் யுனிகோடுடேட்டாவைக் கொண்டு, சேர்த்து எழுதப்படாத பெயர் வந்தால் கமிட்டைத் தடுத்துவிடுங்கள்.

---

பழைய_சர்வர்

ஸ்கிரிப்டுக்கு ஒரு யோசனை. சர்வரில் கிட்டை மேம்படுத்திவிட்டு, 'கிட் மெர்ஜ்-ட்ரீ --ரைட்-ட்ரீ' பயன்படுத்துங்கள், 2.38 முதல் உண்டு. டிஸ்கில் ஒரு ஃபைலையும் தொடாமல் மெர்ஜ் செய்து பார்த்துவிடும். எக்ஸிட் கோட் 0 என்றால் சுத்தம், 1 என்றால் கான்ஃப்ளிக்ட். அந்தக் கோடை மட்டும் நம்புங்கள். மோதிய ஃபைல்களின் பட்டியல் காலியாக இருக்கிறதே என்று சுத்தம் என முடிவுகட்டவேண்டாம், சில ஃபோல்டர் பெயர்மாற்ற மோதல்களில் பட்டியல் காலியாகவே வரும்.

கையால் தீர்க்கும்போது 'கிட் எம்வி' கை கொடுக்காது, கான்ஃப்ளிக்டில் இருப்பதை நகர்த்த மறுத்துவிடும். 'சொற்கள்~ஹெட்'டைத் திறந்து புது வரியை எடுத்து 'சொற்கள்/ம'வில் ஒட்டி கிட் ஆட், பிறகு ஒதுக்கிய ஃபைலுக்கு கிட் ஆர்எம், கமிட்.

---

சொல்பொறுக்கி

செய்துவிட்டேன். பெயரைத் திருத்தியதும் சோதனை 3இல் 'ஆடட் பை அஸ்: சொற்கள்~ஹெட்' என்று ஸ்டேட்டஸ் ஒழுங்காக வந்தது. சர்வருக்கு இப்போது 2.43. 'மச்சு' மெர்ஜ் கமிட்டின் முதல் பெற்றோரில் இருந்து மீண்டு 'சொற்கள்/ம'வில் சேர்ந்துவிட்டது. மூன்று சோதனைகளையும் இரு திசையிலும் ஆறாக்கி, 'சொற்கள்.பழையது'வையும் போட்டு ஓட்டினேன், ஆறும் பச்சை.

ஹூக்கை எழுதி, இருக்கும் ரெப்போ முழுவதும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஒலிப்பதிவு ஃபோல்டரில் 'கோடாங்கி', 'தொம்பை' உட்பட இன்னும் நான்கு பெயர்கள் பிரிந்த கொம்போடு கிடக்கின்றன. ஜிப் அனுப்பிய அதே நண்பர். இன்று இரவு அவரிடம் பேசுகிறேன்.