5இ3 கட்ட ஐலெட் போர்டா, டரெட் போர்டா, பிசிபியா? (ஆம்ப் இருக்கப்போறது கடற்கரையில)

குளச்சல்_ட்வீட்:

அண்ணன்மாரே, வணக்கம். ட்வீட் டீலக்ஸ் 5இ3 (ஃபெண்டர் கம்பெனியோட 1950கள் காலத்து வால்வு கிட்டார் ஆம்ப்) ஒண்ணு கட்டணும். வால்வு வரிசை: முன்னால 12ஏஒய்7, 12ஏஎக்ஸ்7, பின்னால ஸ்பீக்கரை ஓட்ட ரெண்டு 6வி6, ஏசியை டிசி ஆக்குற ரெக்டிஃபையர் 5ஒய்3. ஆம்ப் கோயில் கொயர் (பாடகர் குழு) ரூம்லதான் கெடக்கும், கடல் நடந்து போற தூரம். ஞாயிறு பூசைக்கும் நடுவுல ஒரு ப்ராக்டிஸுக்கும் ஆன் பண்ணுவாங்க, மத்த நாளெல்லாம் ரூம் பூட்டித்தான் இருக்கும்.

கிட் மூணு வகையில கெடைக்குது. பழைய மாதிரியே கறுப்பு ஃபைபர் போர்டுல ஐலெட் (துளைக்குள்ள உலோக வளையம்) அடிச்சது ஒண்ணு. கிளாஸ் எபாக்ஸி (கண்ணாடி நாரும் பிசினும்) போர்டுல டரெட் (நிக்கிற உலோக முளை) வச்சது ஒண்ணு. மூணாவது பிசிபி (செம்புக் கோடு அச்சடிச்ச போர்டு), அதுல வால்வு சாக்கெட், பாட் (வால்யூம், டோன் திருகு), ஜாக் எல்லாம் போர்டுலயே உக்காருது, விலையும் நல்லாக் குறைவு. கையால வயர் பண்ணினாதான் அந்தச் சத்தம் வரும்னு எல்லாரும் சொல்றாங்க. அது நெசமா? நம்ம உப்புக்காத்துக்கு எது தாங்கும்? பின்னால ரிப்பேர்னு வந்தா எது லேசு?

தக்கலை_வால்வு:

சத்தத்தை முதல்ல முடிச்சிடுவோம். ஒரே சர்க்யூட், ஒரே டிரான்ஸ்ஃபார்மர், ஒரே ஸ்பீக்கர், அதே மதிப்புள்ள பாகங்கள்னா போர்டை வச்சு டோன் மாறாது. மாறுற மாதிரி தெரிஞ்சா காரணம் லேஅவுட், அதாவது பாகமும் வயரும் எங்கெங்க ஓடுதுங்கிறது. கிரிட் (வால்வுக்குள்ள சிக்னல் நுழையுற முனை) வயர் பிளேட் (பெருகின சிக்னல் வெளிய வர்ற, வோல்ட் கூடின முனை) வயர் பக்கத்துல நீளமா ஓடினா கெப்பாசிட்டன்ஸ் கூடும், ஹம் (ரீங்காரம்) ஏறும், சில சமயம் காதுக்கு எட்டாத ஆசிலேஷனே (ஆம்ப் தானா ஊளையிடுறது) வந்து சத்தத்தைக் கலக்கும். இது கைவயரிங்லயும் நடக்கும், பிசிபிலயும் நடக்கும். நல்ல பிசிபில டிராக் (அந்தச் செம்புக் கோடு) எல்லா ஆம்ப்லயும் ஒரே இடத்துலதான் இருக்கும். கைவயரிங் கட்டுறவன் கையைப் பொறுத்தது. சொல்டானோ கம்பெனியோட எஸ்எல்ஓ-100 கிட்டார் ஆம்ப் வந்தது 1987ல, அது பிசிபிதான். அதோட சத்தத்தை யாரும் குறை சொல்றதில்ல.

இன்னொண்ணு, ஐலெட் போர்டு ஒண்ணும் தெய்வீகம் இல்ல. பாகங்களை வெளியில வச்சே கோத்து ஈயம் வச்சிட்டு அப்படியே சேசிஸுக்குள்ள (ஆம்ப்போட உலோகப் பெட்டி) இறக்கலாம்ங்கிற உற்பத்தி வசதிக்கு வந்த ஏற்பாடு.

இப்ப உங்க ஊர் விஷயம். ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதுமேல உப்பு. அங்க ஃபைபர் போர்டு வாங்கவே வேண்டாம். அது நாரை அழுத்திச் செஞ்ச பலகை, ஈரம் குடிக்கும். குடிச்சதும் ஐலெட்டுக்கும் ஐலெட்டுக்கும் நடுவுல மெகாஓம் கணக்குல கசிவு வரும். கணக்குப் போட்டுப் பாருங்க: பிளேட் ஐலெட்ல 200 வோல்ட், பக்கத்து ஐலெட்ல 1 மெகாஓம் ரெசிஸ்டர் உள்ள கிரிட். நடுவுல பலகை 500 மெகாஓம் கசிஞ்சாலே கிரிட்ல 0.4 வோல்ட் பாசிட்டிவ் ஏறும். அந்த வால்வோட பயாஸே (கிரிட்டை நிறுத்தி வச்சிருக்கிற நெகட்டிவ் வோல்ட்) ரெண்டு வோல்ட்டுக்குள்ளதான். கசிவு ஒரே அளவுலயும் நிக்காது, கூடிக் குறையும். அதுதான் கரகரன்னு சத்தமா வரும். வால்வை மாத்துவாங்க, கெப்பாசிட்டரை மாத்துவாங்க, போகாது. மழைக்காலம் முடிஞ்சா தானே நின்னுடும், அடுத்த மழைக்குத் திரும்ப வரும்.

அதனால கிளாஸ் எபாக்ஸி டரெட் போர்டு, 3 மிமீ தடிப்பு. கட்டும்போது கவனிக்க வேண்டியது:

போர்டுக்கு அடியில வயர் ஓட்டாதீங்க. பழைய லேஅவுட்ல ஓடும், பார்க்கச் சுத்தமா இருக்கும், ஆனா ஒரு வயர் விட்டா போர்டு மொத்தத்தையும் தூக்கணும். கம்பியை டரெட்ல அரைச் சுத்து போட்டு இறுக்கி ஈயம் வச்சா போதும். மூணு சுத்து சுத்தினா நாளைக்குக் கழட்டும்போது பக்கத்து ரெசிஸ்டரும் சேர்ந்து வேகும். டரெட் சூட்டை இழுத்துக்கிடும், அதனால 25 வாட் அயர்ன் பத்தாது. 60 வாட், 370 டிகிரி வச்சு மூணு நாலு செகண்ட்ல முடிக்கணும். ஈயம் 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37). வேலை முடிஞ்சதும் ஃப்ளக்ஸை (ஈயக் கம்பிக்குள்ள வர்ற பிசினை) ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு பிரஷ்ல கழுவிடுங்க. ஒட்டிக்கிட்டு இருக்கிற ஃப்ளக்ஸ்மேல உப்பும் தூசியும் சேர்ந்தா கிளாஸ் எபாக்ஸியும் கசியும். துணி உறை போட்ட வயர் அழகா இருக்கும், அதுவும் ஈரம் பிடிக்கும். 600 வோல்ட் தாங்குற பிடிஎஃப்இ (டெஃப்லான்) உறை வயர் 22 கேஜ் வாங்குங்க, ஹீட்டருக்கு (வால்வைச் சூடாக்குற இழை) மட்டும் கொஞ்சம் தடிச்ச 20 கேஜ், நல்லா முறுக்கி.

6வி6 கேத்தோட்ல (வால்வுல எலக்ட்ரான் கிளம்புற முனை) வர்ற 250 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை போர்டுல படுக்க வைக்காதீங்க. அதுமேல 20 வோல்ட் நின்னா ஓட்டம் 80 மில்லிஆம்பியர், சூடு 1.6 வாட். 5 மிமீ தூக்கி வைங்க. லேஅவுட்ல 25 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெப்பாசிட்டர் அதுக்கு ஒட்டியே வரும், அதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. இல்லாட்டி முதல்ல காயுறது அதுதான்.

மார்த்தாண்டம்_டிராக்:

அண்ணன் சொன்னதுல மறுக்க ஒண்ணும் இல்ல. ஆனா பிசிபின்னதும் எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதீங்க. ஆம்ப்ல பிசிபி சாகுறது போர்டால இல்ல, போர்டுல எதை ஏத்துறாங்கங்கிறதால.

அதுல மூணு தொந்தரவு. முதல்ல, வால்வு சாக்கெட்டை போர்டுல ஈயம் வைக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஆன் பண்ணும்போது சூட்டுல விரியும், ஆஃப் பண்ணினா சுருங்கும். வால்வைப் பிடுங்கிச் செருகும்போது ஆட்டுற ஆட்டம் முழுக்க அந்தச் சின்ன ஈயத்துலதான் விழும். கொஞ்ச காலத்துல பின்னைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு கோடு தெரியும், லென்ஸ் வச்சுப் பார்த்தாதான் தெரியும். அங்கதான் விட்டு விட்டு வேலை செய்யும். ரெண்டாவது, பாட், ஜாக் போர்டுல இருந்தாலும் இதே கதை. கிட்டார் கேபிளை யாரோ மிதிச்சா அந்த இழுப்பு நேரா பேடுக்கு (ஈயம் வைக்கிற செம்பு வட்டம்) போகும். மூணாவது, ஸ்கிரீன் ரெசிஸ்டர் (பவர் வால்வோட ரெண்டாவது கிரிட்டுக்குப் போறது) மாதிரி சுடுற பாகங்கள் போர்டைக் கருக்கிடும். கருகின எபாக்ஸி கரி, அது மின்சாரம் கடத்தும். அந்த இடத்தைச் சுரண்டி எடுக்காம புது ரெசிஸ்டர் மட்டும் போட்டா திரும்பவும் போகும்.

ஹீட்டர் கரண்டைப் பத்தி எல்லாரும் பயமுறுத்துவாங்க. 5இ3க்கு அது பெரிய விஷயம் இல்ல: 6வி6 ரெண்டும் 0.45 வீதம், முன்வால்வு ரெண்டும் 0.3 வீதம், மொத்தம் 1.5 ஆம்பியர். அகலமான டிராக் தாராளமா தாங்கும். நாலு இஎல்34 (பெரிய பவர் வால்வு) உள்ள ஆம்ப்னா 6 ஆம்பியர், அங்க டிராக்கை நம்பாம வயர் போடணும்.

ஆகவே பிசிபிதான் வாங்கணும்னா சாக்கெட், பாட், ஜாக் எல்லாம் சேசிஸ்ல நட்டு போட்டு நிக்கிற கிட்டா பாருங்க, போர்டுல இருந்து வயர் போகணும். 2 அவுன்ஸ் செம்பு, அதாவது 70 மைக்ரான், போர்டு 2.4 மிமீ, துளைக்குள்ளயும் பூச்சு. நீங்க சொன்ன மலிவு கிட் இந்த வகை இல்ல, விடுங்க.

ரிப்பேர்ல பிசிபிக்குத் தனிப் பக்குவம் வேணும். பாகத்தைப் போர்டுல இருந்து இழுக்காதீங்க. முதல்ல காலை வெட்டி உடம்பை எடுங்க, அப்புறம் மிச்சக் காலைச் சூடாக்கி எடுங்க, கடைசியா பம்ப் வச்சு ஈயத்தை உறிஞ்சுங்க. பேடு கிளம்பிட்டா பசை வச்சு ஒட்டுறது வேலைக்கு ஆகாது. அதே டிராக்ல அடுத்த பாகத்தோட காலுக்கு ஒரு வயர் போட்டுடுங்க.

குளச்சல்_ட்வீட்:

ரொம்ப நன்றி அண்ணன்மாரே. அப்போ டரெட் போர்டுன்னு முடிவு. ரெண்டு சந்தேகம். கொயர் மாஸ்டர்கிட்ட பழைய ஃபைபர் போர்டு ஆம்ப் ஒண்ணு கெடக்கு, மழைக்குக் கரகரங்குது. அது போர்டுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அப்புறம் கோயில்ல கரண்ட் ராத்திரி 245 வரைக்கும் ஏறுது. கிட்ல வர்ற டிரான்ஸ்ஃபார்மர் 220 பிரைமரி (கரண்ட் நுழையுற சுத்து). பரவாயில்லியா?

நாகர்கோவில்_ஓம்:

போர்டு சோதனை லேசு. ஆம்ப் ஆன்ல இருக்கணும், ஒரு கை பாக்கெட்ல இருக்கணும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சு கறுப்பை சேசிஸ்ல கிளிப் போட்டுடுங்க. சிவப்பு முனையால ஐலெட்டைத் தொடாம, ரெண்டு ஐலெட்டுக்கு நடுவுல வெறும் பலகையைத் தொடுங்க. காய்ஞ்ச பலகைன்னா ஏறக்குறைய பூஜ்யம். சில வோல்ட், பத்து வோல்ட்னு காட்டினா பலகைதான் குத்தவாளி. பலகை சுத்தம்னா காய்ஞ்ச மூங்கில் குச்சியால ஒவ்வொரு ஈயத்தையும் தட்டிப் பாருங்க (ஈர்க்கில் வளைஞ்சுடும், ஆகாது). எங்க தட்டினா கரகரங்குதோ அங்க திரும்ப ஈயம் வைங்க. ஈரப் பலகையை ஹேர் ட்ரையர்ல காய வைக்கலாம், அடுத்த ஆடிக்குத் திரும்ப வரும். கிரிட் போற ஐலெட்களை மட்டும் பலகையில இருந்து விடுவிச்சு, அந்த இணைப்பை அந்தரத்துல வச்சிட்டா பல ஆம்ப் பிழைச்சுக்கிடும்.

உள்ள கை வைக்கிறதுக்கு முன்னால பிளக்கைப் பிடுங்கி, 10 கிலோஓம் 5 வாட் ரெசிஸ்டரைக் கிளிப் வயர்ல கோத்து ஃபில்டர் கெப்பாசிட்டர் ஒவ்வொண்ணையும் சேசிஸுக்கு இறக்குங்க. மீட்டர்ல பத்து வோல்ட்டுக்குக் கீழ வந்த பிறகு தொடுங்க.

கரண்ட் விஷயம் போர்டு விஷயத்தைவிடப் பெருசு. 220 பிரைமரில 245 வந்தா 6.3 ஹீட்டர் 7.0 ஆகும், மேல் எல்லை 6.93. பிளேட் வோல்ட்டேஜும் பதினோரு சதவீதம் ஏறும், 340 இருந்தது 378. 6வி6ஜிடி பிளேட்டோட எல்லை 12 வாட். இந்தச் சர்க்யூட் முதல்லயே அந்த எல்லையில நிக்குது. பிரைமரில 240 டேப் (240 வோல்ட்டுக்குத் தனி முனை) உள்ள டிரான்ஸ்ஃபார்மரா கேட்டு வாங்குங்க. ஏற்கெனவே வாங்கியாச்சுன்னா 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரியை (கரண்ட் வெளிய வர்ற சுத்து) மெயின்ஸுக்கு எதிரா சீரிஸ்ல போட்டா 233 கிடைக்கும், ஹீட்டர் 6.7க்குள்ள நிக்கும். மீட்டர்ல குறையாம கூடினா செகண்டரி வயர் ரெண்டையும் மாத்துங்க. அது மூடின, எர்த் பண்ணின டப்பாவுக்குள்ள இருக்கணும்.

ஃபில்டருக்கு (ரெக்டிஃபையருக்குப் பின்னால டிசியைச் சமப்படுத்துறது) 500 வோல்ட் கெப்பாசிட்டர்தான். 5ஒய்3 இழையே கேத்தோட், ஆன் பண்ணின உடனே சூடாகும். 6வி6 மெதுவாத்தான் சூடாகும். அதுவரைக்கும் சுமையே இல்ல. செகண்டரி 325-0-325ன்னா உச்சம் 460 வோல்ட், ஒவ்வொரு தடவையும் 450 வோல்ட் கெப்பாசிட்டர் அதை வாங்கும். மதிப்பு 16க்குப் பதில் 22 மைக்ரோஃபாரட் போடலாம். சத்தம் கெட்டியாகும்னு முதல் கெப்பாசிட்டரை 47 ஆக்காதீங்க, 5ஒய்3 தாங்காது.

முதல் ஆன் 40 வாட் குண்டு பல்பு சீரிஸ்ல. வால்வு இல்லாம பல்பு பளிச்சுன்னு எரிஞ்சா எங்கயோ ஷார்ட். மங்கி அணைஞ்சா ஹீட்டர் வோல்ட்டேஜ் பாருங்க, அப்புறம் வால்வுகளைப் போடுங்க. ஃப்யூஸ் 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (உடனே போகாம கொஞ்சம் தாங்குறது), மூணு பின் பிளக், எர்த் வயருக்கு சேசிஸ்ல தனி போல்ட். பழைய லேஅவுட்ல மெயின்ஸ்ல இருந்து சேசிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் காட்டும், அதை விட்டுடுங்க.

தக்கலை_வால்வு:

அந்த எர்த் போல்ட்ல சேசிஸ் பெயிண்டைச் சுரண்டி, பல்லு வாஷர் போட்டு முறுக்குங்க. பல்லு வாஷர் இல்லாட்டி உங்க ஊர்ல அங்கதான் முதல்ல களிம்பு ஏறும்.