ஸ்விட்சை ஆஃப் செய்தும் எஞ்சின் நிற்கவில்லை: பழைய ராணுவ லாரி எம்35ஏ2, உதவி தேவை

ஒஹாயோ வண்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் 1971 மாடல் எம்35ஏ2 ஒன்று வாங்கினேன். அமெரிக்க ராணுவத்தில் "டியூஸ் அண்ட் எ ஹாஃப்" என்று கூப்பிட்டார்களே, அந்த இரண்டரை டன் லாரி. பத்து டயர், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுவது) வைத்த மல்டிஃப்யூயல் எஞ்சின், அதாவது டீசல் மட்டும் இல்லாமல் வேறு எரிபொருளிலும் ஓடும். சின்ன வயதிலிருந்து லாரி என்றால் எனக்கு உயிர், அப்பா நாமக்கல்லில் லோடு ஓட்டியவர். விற்றவர் பத்து நிமிடம் எல்லாம் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நேற்று ஷெட்டுக்கு வெளியே ஓடவிட்டுவிட்டு நிறுத்தலாம் என்று மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்தேன், எஞ்சின் பாட்டுக்கு ஓடுகிறது. டாஷ்போர்டில் இருக்கும் ஸ்டாப் நாபை இழுத்தேன், கையோடு லொடலொடவென்று வந்தது, அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் பிரேக்கை அழுத்திக்கொண்டு டாப் கியர் போட்டு கிளட்சை விட்டு அமுக்கி நிறுத்தினேன். அந்த நேரத்தில் என் மகன் பம்பருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இரவெல்லாம் தூக்கம் இல்லை. சரியான முறையில் எப்படி ஸ்டார்ட் செய்வது, எப்படி நிறுத்துவது, யாராவது விவரமாகச் சொல்லுங்கள்.

பழைய ஈஎம்ஈ ஹவில்தார்

தம்பி, முதலில் ஒன்று. எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கவே கூடாது. பையனைப் பக்கவாட்டில், நீ பார்க்கிற இடத்தில் நிறுத்து. டயருக்கு முன்னும் பின்னும் கட்டை போடாமல் செல்ஃப் பட்டனைத் தொடாதே.

நான் இந்திய ராணுவத்தில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஈஎம்ஈ பிரிவில் இருந்து, பல வருஷம் சக்திமான் என்ற ராணுவ லாரியில் வேலை பார்த்தவன். அது ஜெர்மனியின் மான் கம்பெனி டிசைன், ஜபல்பூரில் செய்தது. உன் எஞ்சினில் டீசல் எரிகிற முறையும் மான் லைசென்ஸில் வந்ததுதான், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். இந்த மாதிரி எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது, கரண்டை வெட்டினால் நிற்பதற்கு. பம்ப் டீசல் கொடுக்கிற வரைக்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டாப் நாப் என்பது வெறும் கேபிள், அது போய் இன்ஜெக்‌ஷன் பம்பில் இருக்கும் ஷட்‌ஆஃப் லீவரை இழுக்க வேண்டும். லொடலொடவென்று வந்தது என்றால் அந்த முனையில் கிளாம்ப் கழன்றிருக்கும். அதைச் சரி செய்யாமல் இனி ஸ்டார்ட் பண்ணாதே. பானட்டைத் திறந்து லீவர் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ளினால் நிற்கும் என்று கையால் அசைத்துப் பழகி வை.

மிச்சிகன் டியூஸ்

என்னிடமும் இதே வண்டி எட்டு வருஷமாக இருக்கிறது. நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஏறுவதற்கு முன் ஆயில் குச்சியைப் பார்ப்பேன். குறைந்திருந்தால் மட்டும் அல்ல, அளவு கூடியிருந்தாலும் ஸ்டார்ட் செய்யமாட்டேன், டீசல் கசிந்து ஆயிலோடு கலந்திருக்கலாம், மோந்து பார்த்தாலே தெரியும். அப்புறம் ஓட்டுநர் காலடித் தகட்டுக்கு அடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை அமுக்கினால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) பிரேக் ஆயில் அளவைப் பார்ப்பேன். இதைச் சோம்பேறித்தனப்படாமல் பாருங்கள், ஏனென்றால் இந்த வண்டிக்கு ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் மூன்று ஆக்சிலுக்கும் சேர்த்து பிரேக் போய்விடும்.

ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரல், ஸ்டாப் நாப் முழுக்க உள்ளே. மெயின் ஸ்விட்ச் ஆன் செய்ததும் பிரேக்குக்கு வேண்டிய ஏர் இல்லை என்று பஸ்ஸர் கத்தும், டேங்குக்குள் இருக்கும் ஃப்யூயல் பம்ப் உறுமுவது மெல்லக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் செல்ஃப் அடிக்க வேண்டாம். கொஞ்சம் விட்டு, கிளட்சை அமுக்கி, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பட்டனை அழுத்துங்கள். 15 விநாடிக்கு மேல் விடாமல் அடிக்காதீர்கள், செல்ஃப் மோட்டார் சூடு ஆற விடுங்கள். எஞ்சின் பிடித்ததும் கண் ஆயில் பிரஷரில்தான் இருக்க வேண்டும், முள் எழும்பவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். குளிர்ந்த எஞ்சினை ரேஸ் பண்ணவே பண்ணாதீர்கள், டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டும்.

ஒஹாயோ குளிருக்கு மேனிஃபோல்ட் ஹீட்டர் ஸ்விட்ச் இருக்கிறது, அது உள்ளே டீசலை எரித்துக் காற்றைச் சூடாக்கும். அதனால் குளிரில் ஸ்டார்ட் ஆக இன்டேக்கில் அடிக்கும் ஈதர் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள், நெருப்புக்குள் ஈதர் போனால் வெடிக்கும். பேட்டரியும் இரண்டு 12 வோல்ட் சேர்ந்து 24 வோல்ட், காரிலிருந்து ஜம்ப் கொடுக்கப் போகாதீர்கள்.

நிறுத்தும்போது மூன்று முதல் ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். ஓடி வந்த சூட்டோடு நிறுத்தினால் டர்போ பேரிங்கில் ஆயில் நின்று கருகிவிடும். பிறகு ஸ்டாப் நாபை இழுத்து, எஞ்சின் முழுக்க நிற்கும் வரை இழுத்தே பிடித்திருங்கள். அதற்கு அப்புறம்தான் மெயின் ஸ்விட்ச் ஆஃப். கடைசியாக ஏர் டேங்குகளின் அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், இல்லையென்றால் குளிர்காலத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

நாமக்கல் டீசல் பம்ப் மெக்கானிக்

ஏர் விஷயத்தை நான் அழுத்திச் சொல்கிறேன் அண்ணே. நம்ம ஊர் லாரியில் ஏர் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். இந்த வண்டியில் அது கிடையாது, ஏர் ஹைட்ராலிக் பிரேக்குக்கு உதவி செய்கிறது, அவ்வளவுதான். ஏர் ஏறாமல் வண்டியை எடுத்தால் தடையில்லாமல் நகரும், நிறுத்தும்போதுதான் பெடல் கல் மாதிரி இருக்கும். பஸ்ஸர் நின்றதும் கிளம்பாமல் ஏர் பிரஷர் முள் 90 பிஎஸ்ஐயைத் தாண்டட்டும். கியர் பாக்ஸிலிருந்து முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும், அதையும் மறக்காதீர்கள்.

இன்னொன்று. டர்போ சீல் போய் எஞ்சின் தன் ஆயிலையே குடித்து ஓட ஆரம்பித்தால் ஸ்டாப் கேபிள் சரியாக இருந்தாலும் நிற்காது, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். காற்று உள்ளே போகும் வழியை அடைப்பதுதான் அப்போது வழி. கையையோ துணியையோ வைக்காதீர்கள், இழுத்துவிடும். இன்டேக் வாயை மூடுகிற அளவுக்குக் கெட்டியான ப்ளைவுட் பலகை ஒன்று வெட்டி, எட்டுகிற இடத்தில் மாட்டி வையுங்கள். கிட்டப் போக முடியாத அளவுக்கு ஏறிவிட்டால் விட்டு விலகிவிடுங்கள், எஞ்சின் போனால் போகட்டும். நீங்கள் டாப் கியரில் அமுக்கி நிறுத்தியது நேற்றைக்குச் சரி. ஆனால் முன்னால் ஆள் இருக்கும்போது ஒருக்காலும் செய்யக் கூடாத வேலை அது, பிரேக் தாங்கவில்லை என்றால் வண்டி பாய்ந்திருக்கும்.

ஒஹாயோ வண்டிக்காரன்

ஹவில்தார் ஐயா சொன்னது அப்படியே சரி. பம்ப் பக்கம் கிளாம்ப் ஸ்க்ரூ கழன்று கேபிள் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறுக்கிவிட்டு, நாபை ஒருவர் இழுக்க லீவர் முழுக்கத் திரும்புகிறதா என்று பக்கத்து வீட்டுக்காரரோடு பத்துத் தடவை பார்த்தேன். டயர்களுக்குக் கட்டை போட்டு இன்று காலை ஸ்டார்ட் செய்தேன், 90 வரை ஏர் ஏற்றி, ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு நாபை இழுத்தேன், உடனே நின்றது. ப்ளைவுட் வெட்டியாகிவிட்டது. மகன் ஓரமாக நின்று பார்த்தான், ஏர் டேங்க் வால்வை அவன்தான் திறந்தான், அரை டம்ளருக்கு மேல் துருத் தண்ணீர் வந்தது. ஆயில் குச்சியில் மட்டும் அளவு ஒரு விரல் மேலே தெரிகிறது, டீசல் வாடை இருக்கிறதா என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மிச்சிகன் டியூஸ்

அப்படியானால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கொஞ்சம் ஆயிலை வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு, பக்கத்தில் புது ஆயில் ஒரு சொட்டு விடுங்கள். உங்களுடையது வேகமாகப் பரவி ஓரத்தில் மெல்லிய வளையம் விட்டால் டீசல் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறோம்.