எஸ் மரபணு டி என்கிறது, கோர் சி என்கிறது: எதை நம்புவது?

நொய்யல்:
திபெத் பீடபூமியைச் சேர்ந்த ஹெபடைட்டிஸ் பி வைரஸ் வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் எடுத்துப் பார்த்தேன். எஸ் மரபணுவை (வைரஸின் மேலுறைப் புரதத்துக்கானது) மட்டும் வைத்துப் பரிணாம மரம் போட்டால் ஜீனோடைப் (மரபணு வகை) டி-யோடு சேர்கிறது. கோர் பகுதியை (உட்கூட்டுப் புரதத்துக்கானது) போட்டால் சி-யோடு. இது உண்மையான மறுசேர்க்கையா (இயற்கையிலேயே இரு வகைகளின் துண்டுகள் இணைந்ததா), டிஎன்ஏ-வைப் பெருக்கும் பிசிஆர் குழாயில் இரண்டு வகை ஒட்டிக்கொண்டதா? எப்படிப் பிரித்தறிவது?

குறிஞ்சி:
உண்மையான மறுசேர்க்கைதான். சிடி1, சிடி2 என்று இரண்டு வடிவங்கள் உண்டு. முதுகெலும்பு, அதாவது மரபுத்தொகுதியின் பெரும்பகுதி, சி. சிடி1-ல் சுமார் 10 முதல் 799-ஆம் நியூக்ளியோடைடு (டிஎன்ஏ எழுத்து) வரை டி, சிடி2-ல் சுமார் 10 முதல் 1499 வரை டி. எஸ் மரபணு 155-லிருந்து 835 வரை என்பதால் கிட்டத்தட்ட முழுவதும் டி துண்டுக்குள் விழுகிறது. கோர் 1901-ல்தான் தொடங்குகிறது, அங்கே சி. இரண்டு மரங்களும் பொய் சொல்லவில்லை.

கையோடு பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று: அசல் டி-யில் ப்ரீ-எஸ்1 (எஸ் மரபணுவுக்கு முன்னே உள்ள பகுதி) தொடக்கத்தில் 33 நியூக்ளியோடைடுகள் இல்லை, அதனால் மொத்த நீளம் 3182. சிடி வரிசைகளில் அந்தப் பகுதி சி-யிலிருந்து வந்தது. வெட்டு இருக்காது, நீளம் 3215. எஸ் டி என்று சொல்லியும் அந்த 33 அப்படியே இருந்தால் உடனே மறுசேர்க்கை என்று சந்தேகப்படுங்கள்.

திணை:
குழாயில் ஒட்டுவது எப்படி என்றும் சொல்லிவிட வேண்டும். நீட்சி நேரம் (புதிய இழை வளர விடும் நேரம்) போதாவிட்டால் நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸ் பாதியில் கழன்றுகொள்ளும். அந்த அரைகுறை இழை அடுத்த சுற்றில் வேறு வகை வார்ப்பில் (நகலெடுக்கப்படும் டிஎன்ஏ இழையில்) போய் ஒட்டி, நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமர் போலவே வேலை செய்யும். கலப்புத் தொற்று உள்ள மாதிரியில் இது நடந்தே தீரும். ஆகவே சுற்றுகளைக் குறையுங்கள், நீட்சி நேரத்தைக் கிலோபேஸுக்கு (ஆயிரம் நியூக்ளியோடைடுகளுக்கு) ஒரு நிமிடத்துக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். குழாய்க்கு ஒரு வார்ப்பு என்ற அளவுக்கு டிஎன்ஏ-வை நீர்த்துத் தனித்தனியாகப் பெருக்குவதுதான் உறுதியான வழி.

இன்னொரு தவறு: எஸ், கோர் இரண்டையும் தனித்தனி பிசிஆரில் பெருக்கி, கணினியில் ஒட்டி 'முழு மரபுத்தொகுதி' என்று பதிவது. கலப்புத் தொற்றில் அது வெறும் ஒட்டுப்போட்ட வரிசை. 10-ஆம் இட முறிவை (சி முடிந்து டி தொடங்கும் இடத்தை) சரிபார்க்க, ப்ரீ-எஸ்1 தொடக்கமான 2848-லிருந்து வட்டத்தைச் சுற்றி 835 வரை, ஏறத்தாழ 1.2 கிலோபேஸை ஒரே துண்டாகப் பெருக்கி, மூலக்கூறுகளைத் தனித்தனியாகக் குளோன் செய்து படியுங்கள்.

குழாயில் விளைந்த முறிவு குளோனுக்குக் குளோன் இடம் மாறும். பல நோயாளிகளில், பல ஆய்வகங்களில் ஒரே இடத்தில் வந்தால் அது ஒரு மூதாதையிடமிருந்து பரவியது.

மரவரைவன்:
அந்த 10 என்ற இடமே ஒரு பொறி. இது வட்ட மரபுத்தொகுதி. ஈகோ ஆர்1 என்ற நொதி வெட்டும் இடத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதால் 10 சரியாக, முதலும் முடிவும் சேரும் தையலில் போய் விழுகிறது. நேர்கோட்டு வரிசையாக சிம்ப்ளாட்டில் (வரிசைகளின் ஒற்றுமையை வரைந்து காட்டும் மென்பொருள்) கொடுத்தால் அங்கே சாளரம் (ஒரு நேரத்தில் ஒப்பிடும் துண்டு) அறுந்து, முறிவு தெரியாமலே போகும். முதல் 400 நியூக்ளியோடைடுகளைக் கடைசியிலும் ஒட்டிவிட்டு, 200 சாளரம், 20 நகர்வு வைத்து ஓட்டுங்கள். சாளரத்தை 100 ஆக்கினால் எஸ்-உம் வைரஸின் பாலிமரேஸ் மரபணுவும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் போலிக் கூர்முனைகள் எழும். அங்கே மாறுபாடே குறைவு.

பி வகை ஒப்பீடு வேண்டுமானால் ஜப்பானின் பி1 அல்லது ஆர்க்டிக்கின் பி6 மட்டும் எடுங்கள். ஆசியாவில் பரவலான பி2 முதல் பி5 வரை எல்லாவற்றிலும் சுமார் 1740–2485 பகுதி ஏற்கெனவே சி-யிலிருந்து வந்தது. பி2-வை 'தூய பி' என்று வைத்தால் நீங்கள் தேடும் சி துண்டே கண்ணில் படாது.

நொய்யல்:
நன்றி, 33 வெட்டு இல்லை, நீளம் 3215. திபெத்துக்கு வெளியே இப்படிக் கலவை உண்டா?

குறிஞ்சி:
நைஜரில் டி/ஈ கலவை, டி8 என்று பெயர். கிழக்கு இந்தியாவில் சி துண்டு ஏறிய டி9. வியட்நாம், லாவோஸ், வடகிழக்கு இந்தியாவில் ஐ (I) வகை. எஸ் மட்டும் படித்த கணக்கெடுப்பில் சிடி1 வெறும் டி என்றே பதிவாகியிருக்கும். பரவல் வரைபடம் போடும்போது, எந்தப் பகுதியைப் படித்து வகை முடிவானது என்பதையும் அட்டவணையில் தனி நிரலாக வைத்துக்கொள்ளுங்கள்.