சின்னப் பிள்ளைக்கு நடுச்சாமத்தில் குரைக்கிற இருமல் வந்தால்

வன்னியில் இருந்து சின்னப் பிள்ளைகளோடு கனடா, ஐரோப்பா மாதிரிக் குளிர் நாடுகளுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்கள் முதல் குளிர்காலம் தொடங்க முன்னம் இதை வாசித்து வையுங்கள். ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவோ என்று இரத்தம் சோதிக்க ஓடிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே இலையுதிர் காலத்தில் பயப்படுத்துகிற வருத்தம் வேறு. பகலில் கொஞ்சம் தடிமன், மூக்கு ஒழுகல், அவ்வளவுதான், பிள்ளை விளையாடிவிட்டுப் படுத்துவிடும். நடுச்சாமத்தில் எழும்பி நாய் குரைக்கிற மாதிரி இருமும், குரல் அடைத்திருக்கும், மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தமும் வரலாம். இதுதான் குறூப். ஊரிலும் இருக்கிற வருத்தம்தான், ஆனால் இங்கே குளிர் தொடங்கியதும் கூடுதலாக வரும்.

பெரும்பாலும் பாராஇன்புளுவென்சா என்கிற வைரஸ்தான் காரணம், 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளையே அதிகம் பிடிக்கும். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழாய் வீங்குகிறது. சின்னதுகளுக்கு அந்த இடம் ஏற்கெனவே ஒடுக்கம் என்பதால் 1 மில்லிமீற்றர் வீங்கினாலே காற்றுப் போகிற வழி பாதிக்கு மேல் அடைபட்டுவிடும். முட்டு இழுப்பில் (ஆஸ்துமாவில்) சத்தம் பெரும்பாலும் மூச்சு வெளியே விடும்போது வரும், இதில் உள்ளே இழுக்கும்போது. அதனால் மூத்த பிள்ளையின் இன்ஹேலரை எடுத்து இதற்கு அடிக்காதீர்கள், உதவாது.

முதல் வேலை பிள்ளையை அழவிடாமல் பார்ப்பது. அழ அழ மூச்சை வேகமாக இழுக்கும், இழுக்க இழுக்க அடைப்புக் கூடும். எங்கள் வீடுகளில் என்ன நடக்கும்? எல்லா லைட்டும் எரியும், வீட்டில் உள்ள அத்தனை பேரும் சுற்றி நிற்பார்கள், ஒருவர் டோர்ச் அடித்து வாயைத் திறக்கப் பார்ப்பார். அதை மட்டும் செய்யாதீர்கள். மடியில் நிமிர்த்தி இருத்தி, சட்டையைத் தூக்கி, விலா எலும்புகளுக்கு இடையிலும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுகிறதா என்று பாருங்கள். இருமலை போனில் பதிந்தும் வையுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அடங்கிவிடுவது வழக்கம்.

முல்லைத்தீவில் இருந்து அம்மம்மா வட்ஸ்அப்பில் ஆவி பிடிக்கச் சொல்லுவா. வேண்டாம். ஆவியால் பலன் என்பதற்கு ஆதாரம் இல்லை, கொதிநீர் கொட்டிச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் உண்டு. பனிக்காற்றுப் படக்கூடாது என்றே வளர்ந்த எங்களுக்கு அடுத்தது நம்பக் கஷ்டம்: வெளியே உள்ள குளிர்காற்று நல்லது. 2023இல் வெளியான ஜெனீவா ஆய்வில், எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுத்து, 10 பாகைக்குக் குறைந்த வெளிக்காற்றில் அரை மணி நேரம் வைத்திருந்த பிள்ளைகளுக்கு, உள்ளே இருந்தவர்களைவிடக் கெதியாகக் குறைந்திருக்கிறது. ஜாக்கெற் போட்டு, போர்த்திக்கொண்டு வாசலில் நில்லுங்கள், சரி.

ஆனால் பிள்ளை அழாமல் சும்மா இருக்கும்போதே அந்தக் கீச்சுச் சத்தம் கேட்டாலோ, விலா இழுபட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, சோர்ந்து துவண்டு கிடந்தாலோ வாசலில் நின்று நேரம் போக்காதீர்கள். கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, ஐரோப்பாவில் 112, அவுஸ்திரேலியாவில் 000. ஆங்கிலம் வராதே என்று விடியும் வரை காத்திருக்காதீர்கள், 'தமிழ்' என்று ஒரு சொல் சொன்னாலே மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தரப் பார்ப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் டெக்ஸாமெதசோன் என்கிற ஸ்டிரோயிட் மருந்தை ஒரு வேளை வாயால் கொடுப்பார்கள், கடுமையென்றால் அட்ரினலின் புகையும் பிடிக்கவைத்து, சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். 'ஒரு வாய் மருந்தோடு துரத்திவிட்டாங்கள், அன்டிபயோடிக்கும் தரேல்லை' என்று ஆட்கள் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். வைரஸுக்கு அன்டிபயோடிக் எதற்கு? அந்த ஒரு வேளை மருந்துதான் வீக்கத்தை வற்றவைக்கிறது. ஸ்டிரோயிட் என்ற பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், ஒரு தரம் கொடுப்பதுதானே. கடையில் விற்கிற இருமல் பாணி இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் நிறைக்கு ஏற்ற அளவில் கொடுக்கலாம். ஒரு வயதுக்குக் கீழே தேன் தடவவே கூடாது.

அடுத்த நாள் பகலில் பிள்ளை ஓடித் திரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள், இரண்டாம் இரவும் குரைக்கலாம், அன்றைக்கும் பக்கத்திலேயே படுங்கள். அப்புறம், ஊரில் போட்ட தடுப்பூசி அட்டையை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கையில் எடுத்துப் போங்கள், ஹிப் (தொண்டையை வீங்கவைத்து மூச்சை அடைக்கக்கூடிய ஒரு கிருமி), தொண்டை அடைப்பான் ஊசிகள் போட்டாயிற்றா என்று கேட்பார்கள்.