புதுப்பிப்பு: பாயிண்டில் நின்றுபோகும் ஷன்டிங் இன்ஜின்

போன மாதம் புலம்பியிருந்தேனே, எச்ஓ அளவு (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) மாடல் ரயில் இன்ஜின், பெட்டிகளை நகர்த்தும் நாலு சக்கர டீசல் ஷன்டர், மெதுவாக விட்டால் பாயிண்டில், அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில், நின்றுவிடுகிறது, வேகமாக விட்டால் காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி கத்துகிறது என்று. பாதிப் பேர் மோட்டாரை மாற்றச் சொன்னீர்கள். நல்லவேளை, மாற்றவில்லை.

கழற்றிப் பார்த்தால் பல்சக்கரங்களில் பழைய கிரீஸ் மெழுகாக இறுகிக் கிடந்தது, குன்னூர் குளிருக்கு அது இளகவே இல்லை போல. பல்குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, பிளாஸ்டிக்கை அரிக்காத மெல்லிய எண்ணெயை ஊசிமுனையில் தொட்டு ஒரே ஒரு பொட்டு வைத்தேன். சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் பிரஷ் பக்கம் மட்டும் எண்ணெய் போகக் கூடாது.

நின்றுபோவது தனிக் கோளாறு. இந்த இன்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் வருகிறது. பாயிண்டின் நடுவே மின்சாரம் இல்லாத பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கிறது. ஒரு சக்கரம் அதன்மேல் ஏறும்போது அதே பக்கத்து மற்ற சக்கரம் அழுக்காக இருந்தால் கதை முடிந்தது. எனக்கு அழுக்கும் இருந்தது, போதாக்குறைக்குச் சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் செம்புத் தகடு ஒன்று சக்கரத்தின் முதுகைத் தொடவே இல்லை. ட்வீசரால் ஒரு மயிரிழை வளைத்தேன், இப்போது ஊர்ந்து போகிறது.

அடுத்து வாங்கினால் ஆறு சக்கரத்திலும் மின்சாரம் எடுக்கிற, ஃபிளைவீல் (மின்சாரம் ஒரு கணம் விட்டாலும் சுழற்சியைத் தொடர வைக்கும் கனமான சக்கரம்) வைத்த இன்ஜின்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்தண்டவாளத்தில் ஏறிவரும் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசலை மாட்டுவதை இங்கே குன்னூர் ஸ்டேஷனில் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் அதே நிதானம் வேண்டியிருக்கிறது. அப்புறம், மூடுபனி நாட்களில் தண்டவாளத்தைத் துடைக்காமல் ஓட்டுவதில்லை.