நோயாளியின் பெயரை மறைத்துச் சிவில் வழக்குப் போடலாமா? (புதுக்கடை)

வெள்ளவத்தை வாசகி:
எச்.ஐ.வி. உள்ள ஒருவர், தன் பரிசோதனை முடிவை வெளியே விட்ட தனியார் ஆய்வுகூடத்திடம் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கேட்க நினைக்கிறார். வழக்கே அந்த விஷயத்தை ஊருக்குச் சொல்லிவிடும் என்று தயங்குகிறார். பெயரில்லாமல் போட வழியுண்டா?

சட்டக்கந்தோர்:
பெயரே இல்லாமல் முடியாது. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 40 ஆம் பிரிவு, வழக்காளியின் பெயர், விவரம், வசிப்பிடம் மூன்றையும் பிளெயின்டில் (வழக்கைத் தொடங்கும் முறைப்பாட்டில்) கேட்கிறது. உண்மைப் பெயரை முத்திரையிட்ட உறையில் கொடுத்து, தலைப்பிலும் வழக்குப் பட்டியலிலும் எழுத்துகளை மட்டும் போடக் கட்டளை கேட்கலாம். அதே கோவையின் 839 ஆம் பிரிவு சொல்லும், நீதிமன்றத்துக்கு இயல்பாகவே உள்ள உள்ளார்ந்த அதிகாரத்தை வைத்துத்தான் கேட்க வேண்டும். தருவதா இல்லையா என்பது நீதிபதியின் தற்றுணிபு.

முழு விசாரணையையும் மூடிய கதவுக்குள் நடத்தக் கேட்பது கடினம். அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரைப்படி அமர்வு பகிரங்கமானது. ஆட்களை வெளியேற்ற அது சொல்லும் காரணங்கள் குடும்ப உறவு, பாலியல் விடயம், தேசிய அல்லது பொதுமக்கள் பாதுகாப்பு, நீதிமன்ற வளவின் ஒழுங்கு. நோய் அதில் இல்லை. சிறிதாகக் கேளுங்கள், கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

மருதானை:
நேரம்தான் முக்கியம். பிளெயின்ட் கொடுக்கும் அதே நாளில் மோஷன் (கட்டளை கேட்கும் விண்ணப்பத் தாள்), மனு, சத்தியக்கடதாசி மூன்றும் போகவேண்டும். அழைப்பாணை போகுமுன் கட்டளை வேண்டும். வழக்கேட்டில் பெயர் ஏறி, எதிராளிக்குப் பிரதியும் போனபின் மறைக்க ஒன்றும் மிஞ்சாது.

சத்தியக்கடதாசியில் "வெட்கம்" என்று எழுதினால் போதாது. வேலை, வாடகை வீடு, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எது எப்படிப் பாதிக்கும் என்பதைச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. என்ற வதந்திக்காகவே குளியாப்பிட்டியில் ஒரு சிறுவனைப் பாடசாலையில் சேர்க்காத விவகாரம் 2016 இல் உயர் நீதிமன்றம் வரை போனது. பயம் கற்பனையல்ல என்பதற்கு அதைக் காட்டலாம்.

வெள்ளவத்தை வாசகி:
ஆய்வுகூடத்துக்கும் பெயர் தெரியாமல் வைக்கலாமா?

சட்டக்கந்தோர்:
முடியாது. யாருடைய அறிக்கை என்று தெரியாமல் அவர்களால் மறுமொழி தாக்கல் செய்ய இயலாது. வழக்குக்கு வெளியே அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று அதே கட்டளையில் சேர்க்கக் கேளுங்கள்.

மருதானை:
தலைப்பை மறைத்துவிட்டு இணைப்புகளில் கோட்டைவிடுவதுதான் வழக்கமான தவறு. புரொக்சியில் (சட்டத்தரணியை நியமிக்கும் பத்திரத்தில்) முழுப்பெயரும் கையெழுத்தும் இருக்கும். கொழும்பு டி சேரம் பிளேஸில் உள்ள அரச பாலியல் நோய் கிளினிக்கின் கடிதத்தில் தலைப்புத்தாளே நோயைச் சொல்லிவிடும். அடையாள அட்டை இலக்கமும் பக்கத்தில் இருக்கும். குடியியல் கோவையின் 121 ஆம் பிரிவுச் சாட்சிப் பட்டியலில் "பாலியல் நோய் வைத்திய நிபுணர்" என்று எழுதினாலும் அதே கதைதான். ஒவ்வொரு தாளுக்கும் மறைத்த பிரதி ஒன்று, உறைக்குள் மூலம் ஒன்று வையுங்கள்.

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆம் பிரிவு தரும் இரகசியப் பாதுகாப்பு சட்டத்தரணிக்கும் கட்சிக்காரருக்கும் இடையில்தான். வைத்தியருக்கு அது கிடையாது. அவரைச் சாட்சிக்கூட்டில் ஏற்றினால் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அந்தச் சாட்சியத்துக்கு மட்டும் தனியாகக் கட்டளை கேளுங்கள். மேன்முறையீடு போனால் அங்கே மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும், மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் உயர் நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் முழுதாக இணையத்தில் ஏறுகின்றன.